கடவுச்சொல் தவறு: ஒரு மறுப்பின் உள்ளே

அலுவலகக் கணினியில் புதிய பிரிண்டரை இணைக்க வேண்டும். மென்பொருளை நிறுவத் தொடங்கியதும் திரை மங்கி, நடுவே ஒரு பெட்டி எழுகிறது: அட்மின் கடவுச்சொல்லைத் தரவும். தட்டுகிறீர்கள். ‘கடவுச்சொல் தவறு’ என்கிறது. நிதானமாக இன்னொரு முறை தட்டுகிறீர்கள். அதே பதில். அடுத்து, ஒவ்வொரு எழுத்தையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே தட்டுகிறீர்கள். மறுபடியும் அதே பதில். போன மாதம் இதே சொல்லைக் கொடுத்துத்தானே உள்ளே போனோம்?

இந்த நிலையில் பெரும்பாலானவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். தங்கள் நினைவைச் சந்தேகித்து, பழைய கடவுச்சொற்களை எல்லாம் வரிசையாகப் போட்டுப் பார்க்கிறார்கள். அல்லது எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடலாம் என்று முடிவெடுக்கிறார்கள். முதலாவது, கணக்கையே பூட்டிவிடக்கூடும். இரண்டாவது, பல வருடக் கோப்புகளைக் கொண்டுபோய்விடும். இரண்டுமே தேவையில்லாத அவசரம். ‘தவறு’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் ஐந்து வகைக் காரணங்கள் இருக்கலாம். அவற்றில் ஒன்று மட்டுமே மறதி. கணினி ஏன் அவற்றைப் பிரித்துச் சொல்வதில்லை என்பது புரிந்தால், நாமே பிரித்துக் கண்டுபிடிக்கும் வழியும் புரிந்துவிடும்.

கணினிக்கே தெரியாத சொல்

உங்களை மறுக்கும் கணினிக்கும் சரியான கடவுச்சொல் எது என்று தெரியாது. அதன் வட்டில் எந்த மூலையிலும் அந்தச் சொல் எழுதி வைக்கப்படவில்லை.

தொடக்கத்தில் நிலைமை வேறாக இருந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையில் 1960களின் தொடக்கத்தில் உருவான சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பில், ஒரே பெரிய கணினியைப் பலர் நேரம் பகிர்ந்து பயன்படுத்தினார்கள். அவரவர் கோப்பு அவரவருக்கு மட்டும் கிடைக்க வேண்டும் என்பதற்காகக் கடவுச்சொல் வந்தது. எல்லாருடைய கடவுச்சொற்களும் ஒரே கோப்பில், உள்ளது உள்ளபடியே இருந்தன. 1966இல் நிர்வாகிகள் இருவர் ஒரே சமயத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் அந்தக் கடவுச்சொல் கோப்பைத் திருத்தினார். மற்றவர், உள்ளே நுழைகிறவர்களுக்குக் காட்டப்படும் அன்றைய அறிவிப்பைத் திருத்தினார். இருவருக்கும் திருத்தும் மென்பொருள் ஒரே பெயரில் தற்காலிகக் கோப்பை உருவாக்கியதால், இரண்டும் இடம் மாறிவிட்டன. அதன்பின் உள்ளே நுழைந்தவர்களின் முனையங்களில் அறிவிப்புக்குப் பதிலாக எல்லாருடைய கடவுச்சொற்களும் அச்சாகின.

கடவுச்சொல்லை எவ்வளவு பத்திரமாகப் பூட்டி வைத்தாலும் ஒருநாள் வெளியே வந்துவிடும் என்றால், அதை வைக்காமலே இருந்தால் என்ன? கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ரோஜர் நீடம் 1960களில் இந்த வழியில் யோசித்தார். கடவுச்சொல்லை ஒரு கணக்கீட்டுக்குள் செலுத்தி, வெளியே வரும் எண்ணை மட்டும் சேமிப்பது. அடுத்த முறை ஆள் வந்து சொல்லைத் தரும்போது அதே கணக்கீட்டை மீண்டும் செய்து, இரண்டு எண்களும் ஒன்றா என்று பார்ப்பது. இந்தக் கணக்கீடு ஒருவழிப் பாதை. அரைத்த மாவை மீண்டும் அரிசியாக்க முடியாததுபோல, வந்த எண்ணிலிருந்து பழைய சொல்லைத் திரும்பப் பெற முடியாது. இந்த எண்ணைத்தான் இன்று ‘ஹேஷ்’ என்கிறோம்.

1979இல் யூனிக்ஸ் அமைப்பைப் பற்றி ராபர்ட் மாரிஸும் கென் தாம்ப்ஸனும் எழுதிய கட்டுரை, இதன் பலவீனத்தையும் காட்டியது. அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களில் 15 ஒரே ஓர் எழுத்தால் ஆனவை. எளிதில் ஊகிக்கக் கூடியவற்றைக் கூட்டினால் 86 சதவீதம். ஹேஷைத் திருப்ப முடியாவிட்டாலும், எளிய சொற்களை ஒவ்வொன்றாகக் கணக்கீட்டுக்குள் செலுத்தி ஒப்பிட முடியும் அல்லவா? அதனால் இரண்டு காப்புகளைச் சேர்த்தார்கள். கணக்கீட்டை வேண்டுமென்றே மெதுவாக்கினார்கள். ஒவ்வொரு சொல்லுடனும் ஏதாவது ஓர் எண்ணைக் கலந்து, இரண்டு பேர் ஒரே சொல்லை வைத்திருந்தாலும் ஹேஷ் வேறுவேறாக இருக்கும்படி செய்தார்கள். கலக்கும் அந்த எண்ணுக்கு ‘சால்ட்’, அதாவது உப்பு, என்று பெயர். இன்றைய லினக்ஸும் மேக்கும் இதே வழியில்தான் செல்கின்றன.

‘கிட்டத்தட்ட சரி’ என்று ஒன்று கிடையாது

ஹேஷுக்கு இன்னொரு குணம் உண்டு. உள்ளே போவதில் மிகச் சிறிய மாற்றம் நேர்ந்தாலும், வெளியே வருவது முழுக்க மாறிவிடும். விண்டோஸ் உள்ளூர்க் கணக்குகளுக்குச் சேமிக்கும் ஹேஷ் 128 பிட் நீளம் கொண்டது. உங்கள் கடவுச்சொல்லில் ஒரே ஓர் எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றினால், அந்த 128 பிட்டுகளில் ஏறக்குறைய பாதி புரண்டுவிடும். எந்தப் பாதி என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

பதினைந்து எழுத்தில் பதினான்கைச் சரியாகத் தட்டியவரும், விசைப்பலகைமேல் பூனை நடந்து தட்டியதும் கணினியின் கண்ணுக்கு ஒன்றே. ‘கடைசி எழுத்தை மட்டும் சரிபாருங்கள்’ என்று அதனால் சொல்லவே முடியாது. சொல்வதற்கான தகவல் அதனிடம் இல்லை. சொல்ல முடிந்தவற்றையும் அது அடக்கி வைக்கிறது. பயனர் பெயர் தவறா, கடவுச்சொல் தவறா என்று பிரித்துச் சொன்னால், உள்ளே நுழையப் பார்க்கும் திருடனுக்கு முதல் பாதி வேலை முடிந்துவிடும். லினக்ஸ் முனையம் இரண்டுக்கும் ஒரே வரியைத்தான் காட்டுகிறது. தோற்றதும் சுமார் இரண்டு நொடி காக்கவும் வைக்கிறது. ஊகித்துக்கொண்டே போகிறவனின் வேகத்தைக் குறைக்கத்தான் அந்தத் தாமதம்.

ஆகவே திரையில் வரும் வாசகத்தை நாம் படிக்க வேண்டிய விதம் இது: ‘எனக்கு வந்துசேர்ந்ததைக் கணக்கிட்டேன், நான் வைத்திருப்பதோடு அது பொருந்தவில்லை.’ அவ்வளவுதான். வந்துசேர்ந்தது நீங்கள் நினைத்ததுதானா? ஒப்பிட்டது நீங்கள் நினைத்த ஆளுடைய ஹேஷோடுதானா? கேள்விகளை இந்த வரிசையில் கேட்க வேண்டும். நினைவைக் கடைசியாகச் சந்தேகிப்போம்.

விரலிலிருந்து எழுத்து வரை

விசையை அழுத்தும்போது விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை. எந்த இடத்தில் உள்ள விசை அழுத்தப்பட்டது என்பதைக் குறிக்கும் எண்ணை மட்டும் அனுப்புகிறது. நம் ஊர் விசைப்பலகையில் ‘ஏ’ அச்சிட்ட விசைக்கு யுஎஸ்பி முறையில் எண் 4. அந்த எண்ணை எழுத்தாக மாற்றுவது இயங்குதளத்தின் வேலை. எந்த அட்டவணையைப் பார்த்து மாற்றுவது என்பதை, கணினியில் தேர்ந்தெடுத்திருக்கும் விசைப்பலகை அமைப்பு தீர்மானிக்கிறது. பிரெஞ்சு அமைப்பு இருந்தால் அதே 4, ‘க்யூ’ ஆகிவிடும். ஜெர்மன் அமைப்பில் ‘ஒய்’யும் ‘இஸட்’டும் இடம் மாறும். விசையின் முதுகில் அச்சிட்டிருப்பது வெறும் அலங்காரம். கணினி அதைப் பார்ப்பதில்லை.

பிரெஞ்சும் ஜெர்மனும் நமக்கு எதற்கு என்று விட்டுவிட முடியாது. இந்தியாவில் விற்கும் விசைப்பலகைகள் பெரும்பாலும் அமெரிக்க அமைப்பில் அச்சிடப்பட்டவை. அவற்றில் ஷிஃப்ட்டுடன் 2ஐ அழுத்தினால் @ வர வேண்டும். ஆனால் விண்டோஸை நிறுவியவர் ‘ஆங்கிலம்’ என்ற பட்டியலில் பிரிட்டனைத் தேர்ந்தெடுத்திருந்தால், அதே விசை இரட்டை மேற்கோள் குறியைத் தரும். ஒற்றை மேற்கோள் விசையோடு ஷிஃப்ட்டை அழுத்தினால்தான் @ கிடைக்கும். ஷிஃப்ட்டுடன் 3, # தருவதற்குப் பதில் பவுண்டு குறியைத் தரும். ஊர்ப் பெயர், அதன்பின் @, அதன்பின் ஒரு வருடம் என்று கடவுச்சொல் வைக்கும் பழக்கம் நம் அலுவலகங்களில் எவ்வளவு பரவலானது என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த ஒரு குறி போதும், முழுச் சொல்லும் மறுக்கப்பட.

இதில் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. உள்ளே நுழைந்தபின் நீங்கள் பயன்படுத்தும் அமைப்பும், நுழைவுத் திரையின் அமைப்பும் வேறுவேறாக இருக்கலாம். உள்ளே அமெரிக்க அமைப்பில் இருந்தபடி கடவுச்சொல்லை மாற்றுகிறீர்கள். மறுநாள் காலை நுழைவுத் திரை பிரிட்டன் அமைப்பில் நிற்கிறது. இரண்டு நாளும் விரல்கள் அதே விசைகளைத்தான் தொட்டன. திரையில் தெரிந்ததும் அதே கறுப்புப் புள்ளிகள்தான். வந்துசேர்ந்த எழுத்துகள் மட்டும் வேறு. நுழைவுத் திரையின் மூலையில் சிறிய எழுத்தில் மொழி, விசைப்பலகைக் குறி இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

தமிழில் தட்டுகிறவர்களுக்கு இது அன்றாடச் சிக்கல். தமிழ்99 அமைப்பில் ஒரு கடிதத்தை முடித்த கையோடு லினக்ஸ் முனையத்தில் ‘சூடோ’ கட்டளையைக் கொடுத்தால், அது கேட்கும் கடவுச்சொல்லும் தமிழாகவே உள்ளே போகும். இணைய உலாவியின் கடவுச்சொல் பெட்டியானால், தட்டெழுத்து மென்பொருள் பெரும்பாலும் அதை அடையாளம் கண்டு தானே ஒதுங்கிக்கொள்ளும். முனையத்தில் அப்படி ஒதுங்காது. அதோடு, அங்கே பெரும்பாலும் புள்ளிகூடத் தெரியாது. எத்தனை எழுத்து என்பதைப் பக்கத்தில் நிற்பவர் எண்ணிவிடக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். புதிதாக லினக்ஸுக்கு வருகிறவர், விசை வேலை செய்யவில்லை என்று எண்ணி முதலிலிருந்து மறுபடி தட்டுவார். பாதிச் சொல்லும் முழுச் சொல்லும் ஒட்டிக்கொண்டு போகும். நடுவில் சந்தேகம் வந்தால் கன்ட்ரோல் விசையுடன் ‘யு’வை அழுத்துங்கள். அதுவரை தட்டியது மொத்தமும் அழிந்துவிடும்.

கேப்ஸ் லாக் எல்லாரும் அறிந்தது. எண் விசைகளுக்கான ‘நம் லாக்’ விசை அந்த அளவு கவனம் பெறுவதில்லை. அது அணைந்திருந்தால் வலது ஓரத்து எண் விசைகள் எண்களைத் தராமல் கர்சரை இடமும் வலமும் நகர்த்தும். கடவுச்சொல்லின் எழுத்துகள் முன்பின்னாகச் செருகப்படும். விசையின் உடல்நிலையையும் பார்க்க வேண்டும். ஒரு விசையை அழுத்தும்போது உள்ளிருக்கும் தொடுமுனை ஒரே தடவையில் அமர்வதில்லை. சில மில்லிநொடிகள் துள்ளும். அந்தத் துள்ளலை விசைப்பலகையின் சில்லு பொறுத்திருந்து வடிகட்டுகிறது. விசை தேய்ந்து துள்ளல் நீண்டால் வடிகட்டல் தோற்கும். ஒரு முறை அழுத்த, எழுத்து இரண்டு முறை விழும். டீ சிந்திய விசை எழுத்தே தராமலும் போகலாம்.

இவை எல்லாவற்றையும் ஒரே வேலையில் சோதிக்கலாம். கடவுச்சொல் பெட்டியின் ஓரத்தில் கண் வடிவப் பொத்தான் இருந்தால், அதை அழுத்திக்கொண்டு நீங்கள் தட்டியதைப் படியுங்கள். இல்லையென்றால் திரை விசைப்பலகையைத் திறந்து, சுட்டியால் ஒவ்வோர் எழுத்தாகத் தொடுங்கள். இப்போது அமலில் இருக்கும் அமைப்பின்படிதான் அதில் எழுத்துகள் காட்டப்படும். ஆகவே அமைப்புக் கோளாறும் விசைக் கோளாறும் சேர்ந்தே விலகிவிடும். கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று கடவுச்சொல்லைப் பயனர் பெயர்ப் பெட்டியில் தட்டிப் பார்க்கிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அழிக்காமல் என்டரை அழுத்திவிட்டால், தோற்ற நுழைவுகளின் பதிவேட்டில் பயனர் பெயர் என்ற இடத்தில் உங்கள் கடவுச்சொல் வெளிப்படையாகப் பதிந்துவிடலாம்.

எழுத்திலிருந்து எண் வரை

எழுத்து சரியாக வந்தாலும், அது கணக்கீட்டுக்குள் போகும்போது எண்களாகத்தான் போகிறது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது எண்ணில் இரண்டாக இருக்கலாம். இதற்குத் தமிழே சிறந்த எடுத்துக்காட்டு. ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோட் முறையில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒரு விதம். ககரத்தோடு ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்ப்பது மற்றொன்று. திரையில் எந்த வேறுபாடும் தெரியாது. ஆனால் இணையத்தில் பரவலாக உள்ள யுடிஎஃப்-8 முறையில் முதலாவதற்கு 6 பைட், இரண்டாவதற்கு 9 பைட். இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராமல் ஹேஷ் எடுத்தால், அலுவலகக் கணினியில் வைத்த தமிழ்க் கடவுச்சொல் வேறு தட்டெழுத்து மென்பொருள் உள்ள வீட்டுக் கணினியில் மறுக்கப்படும்.

நீளமும் இப்படித்தான் ஏமாற்றும். மாரிஸ், தாம்ப்ஸன் காலத்து யூனிக்ஸ் முதல் 8 எழுத்தை மட்டுமே கணக்கில் எடுத்தது, மீதியைக் கண்டுகொள்ளவில்லை. இன்றும் பல சேவைகள் பயன்படுத்தும் ‘பிகிரிப்ட்’ முறை 72 பைட்டோடு நின்றுவிடும். ஆங்கில எழுத்தானால் 72 இடம். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் 24 இடம்தான். ஓரிடத்தில் வெட்டிச் சேமித்து இன்னோரிடத்தில் வெட்டாமல் ஒப்பிட்டால், சரியான சொல்லும் பொருந்தாது. தமிழ்க் கடவுச்சொல் வைக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எல்லா மொழிக்காரர்களின் எழுத்தையும் ஒரே மதிப்போடு ஏற்கும்படி மென்பொருள் எழுதுகிறவர்கள் இந்த வேலையை முடித்திருக்க வேண்டும்; பல இடங்களில் இன்னும் முடிக்கவில்லை. அதுவரை, கணினிக்குள் நுழையும் முதல் கடவுச்சொல்லை மட்டுமாவது எல்லா விசைப்பலகையிலும் ஒரே இடத்தில் இருக்கும் எழுத்துகளால் அமைப்பது நல்லது.

வெட்டி ஒட்டுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. வாட்ஸப்பில் வந்த கடவுச்சொல்லை நகலெடுக்கும்போது கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொள்ளும். வேர்ட் கோப்பில் எழுதிவைத்தால், நேரான மேற்கோள் குறியை அது தானாகவே வளைந்த குறியாக்கிவிடும். கைப்பேசியோ முதல் எழுத்தைப் பெரிதாக்கும். மூன்றுமே ஹேஷை முழுதாக மாற்றும்.

யாருடைய கடவுச்சொல்?

சொல் சரி, எழுத்தும் சரி. ஆனால் கணினி யாருடைய ஹேஷோடு ஒப்பிடுகிறது? அட்மின் கடவுச்சொல் மறுக்கப்படும் நிகழ்வுகளில் மிகுந்த குழப்பம் தருவது இந்த இடம்தான்.

விண்டோஸில் சாதாரணப் பயனராக நுழைந்தவர் மென்பொருளை நிறுவ முயன்றால், வரும் பெட்டி கேட்பது அட்மின் கணக்கின் கடவுச்சொல்லை. பலர் தாங்கள் காலையில் நுழைந்த கடவுச்சொல்லைத் தருகிறார்கள். அது உண்மையான சொல்தான். ஆனால் அதிகாரம் இல்லாத ஆளுடையது. லினக்ஸில் இது தலைகீழாகும். ‘சூடோ’ என்ற கட்டளை 1980 வாக்கில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் உருவானது. அது கேட்பது உங்களுடைய சொந்தக் கடவுச்சொல்லை. ‘எஸ்யு’ என்ற அதைவிடப் பழைய கட்டளை கேட்பதோ, முழு அதிகாரம் கொண்ட ‘ரூட்’ கணக்கின் கடவுச்சொல்லை. உபுண்டுவில் ரூட் கணக்கு இயல்பாகவே பூட்டப்பட்டிருக்கும். ஹேஷ் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஆச்சரியக்குறி நிற்கும். எந்தச் சொல்லைக் கணக்கிட்டாலும் ஆச்சரியக்குறி விடையாக வராது. அங்கே நின்றுகொண்டு கடவுச்சொல்லை யோசிப்பவர், விடையே இல்லாத கேள்விக்கு விடை தேடுகிறார்.

பூட்டிய கணக்கை இப்படி உறுதியாக மறுப்பது எவ்வளவு முக்கியம் என்பதை 2017 நவம்பர் 28 உலகுக்குக் காட்டியது. ஆப்பிளின் மேக் இயங்குதளத்தின் ஹை சியரா பதிப்பில் அட்மின் பெட்டியில் பெயராக ‘ரூட்’ என்று எழுதி, கடவுச்சொல்லை வெறுமையாக விட்டு, மீண்டும் மீண்டும் பொத்தானை அழுத்தினால் கணினி திறந்துகொண்டது. முடக்கி வைத்திருந்த ரூட் கணக்கைச் சோதிக்கப் போன நிரல், ஒரு பிழையால், வந்த வெற்றுச் சொல்லையே அதன் கடவுச்சொல்லாகப் பதிந்து வைத்தது. அடுத்த முயற்சியில் பொருத்தம் கிடைத்துவிட்டது. மறுநாளே ஆப்பிள் திருத்தம் வெளியிட்டது. காரணமில்லாமல் மறுக்கும் கணினி நம் நேரத்தை எடுத்துக்கொள்கிறது. காரணமில்லாமல் ஏற்கும் கணினி எல்லாவற்றையும் எடுத்துக்கொடுத்துவிடும்.

இன்றைய விண்டோஸில் ஒரே ஆளுக்கு இரண்டு ரகசியங்கள் இருப்பதும் குழப்பத்தைக் கூட்டுகிறது. தினமும் நீங்கள் தட்டும் பின் எண் அந்த ஒரு கணினிக்கு மட்டும் உரியது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் கடவுச்சொல் வேறு. மாதக்கணக்கில் பின்னையே தட்டிப் பழகியவர், ஒருநாள் கடவுச்சொல் கேட்கும் பெட்டியிலும் பின்னையே தருவார். கைப்பேசியில் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றியவருக்கு இன்னொரு வகைச் சிக்கல். கணினி இணையத்தில் இல்லாதபோது, தான் கடைசியாக அறிந்த பழைய சொல்லைத்தான் ஏற்கும். புதியதை மறுத்தால் பழையதைத் தந்து உள்ளே போய், இணையத்தோடு இணைத்துவிடுங்கள்.

சரியாக இருந்தும் மறுப்பு

விரல் சரி, எழுத்து சரி, ஆளும் சரி. அப்போதும் கணினி மறுக்கலாம். விண்டோஸ் 11இன் 2022ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவிய கணினிகளில் பத்து முறை தவறினால் கணக்கு பத்து நிமிடம் பூட்டிக்கொள்ளும். பதினோராவது முறை சரியான சொல்லைத் தந்தாலும் பயனில்லை. இதனால்தான் பழைய கடவுச்சொற்களை எல்லாம் போட்டுப் பார்க்க வேண்டாம் என்று தொடக்கத்தில் சொன்னேன்.

பெரிய அலுவலகங்களில் கணினிகள் ‘கெர்பரோஸ்’ என்ற முறையில் மையச் சர்வரிடம் அடையாளம் காட்டுகின்றன. எம்.ஐ.டி.யில் 1980களில் பிறந்த இந்த முறையில், அனுப்பும் சீட்டு ஒவ்வொன்றிலும் நேரம் குறிக்கப்படும். பழைய சீட்டை ஒருவன் திருடி மறுபடி நீட்டக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. கணினியின் கடிகாரமும் சர்வரின் கடிகாரமும் வழக்கமாக ஐந்து நிமிடத்துக்குமேல் விலகினால் சீட்டு செல்லாது. மேசைக் கணினியின் மதர்போர்டில் நாணயம் அளவில் ஒரு பேட்டரி இருக்கும். பெயர் சிஆர்2032, மின்னழுத்தம் 3 வோல்ட். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட வைப்பது அதுதான். அது தீர்ந்துபோனால், கணினியை மின்னிணைப்பிலிருந்து எடுத்து மறுபடி மாட்டும்போது தேதி பல வருடம் பின்னே போகும். அலுவலக நுழைவு தோற்கும். திரையின் மூலையில் தேதியைப் பார்க்க ஒரு நொடி போதும். பார்க்காததால் கெட்ட காலைகள் ஏராளம்.

அலுவலகங்களில் இவற்றைத் தேட இன்னொரு வழியும் உண்டு. கணினி திரையில் ஒரே பதிலைச் சொன்னாலும், தன் பதிவேட்டில் விரிவாக எழுதி வைக்கும். தோற்ற நுழைவுகளைப் பதியும்படி அமைத்த விண்டோஸில் 4625 என்ற எண்ணுள்ள நிகழ்வைத் திறந்தால், பயனரே இல்லையா, சொல் தவறா, கணக்கு பூட்டப்பட்டதா, கடிகாரம் விலகியதா என்று தனித்தனிக் குறியீடு இருக்கும். திருடனிடம் மறைத்த பதிலை, உரிமையுள்ள நிர்வாகிக்காகக் கணினி எழுதி வைத்திருக்கிறது.

உண்மையிலேயே மறந்துவிட்டால்

இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவதுதான் மறதி. இப்போது இரண்டு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மறந்த சொல்லைக் கண்டுபிடிப்பது ஒன்று. புதிய சொல்லை வைப்பது மற்றொன்று. முதலாவதை நேர்மையான வழியில் எவராலும் செய்ய முடியாது. கணினியிடமே அது இல்லை. இரண்டாவது எளிது. அதே கணினியில் இன்னோர் அட்மின் கணக்கு இருந்தால், அதிலிருந்து புதியது வைக்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கானால் கைப்பேசியிலிருந்தே மாற்றலாம். உபுண்டுவில் துவக்கப் பட்டியலில் மீட்பு நிலையைத் தேர்ந்தெடுத்து, ரூட்டாக நுழைந்து மாற்றலாம். அங்கே வட்டு, படிக்க மட்டும் என்ற நிலையில் இருந்தால் மாற்றம் பதியாது. எழுதும் நிலைக்குக் கொண்டுவந்த பிறகே முயல வேண்டும். அலுவலகக் கணினியானால் இவற்றில் எதையும் நீங்களே செய்யாதீர்கள். அது நிறுவனத்தின் சொத்து. அதன் கணினிப் பிரிவை அழைப்பதே முறை.

ஆனால் புதிய சொல் எல்லாவற்றையும் திறந்துவிடாது. விண்டோஸ், உலாவியில் சேமித்த கடவுச்சொற்களையும் நீங்கள் மறையாக்கிய கோப்புகளையும் உங்கள் பழைய கடவுச்சொல்லிலிருந்து உண்டான சாவியால் பூட்டி வைத்திருக்கிறது. உள்ளூர்க் கணக்கின் சொல்லை இன்னொருவர் மாற்றி வைத்தால் நுழைவு கிடைக்கும். அந்தப் பெட்டகம் திறக்காமல் போகலாம். மேக்கிலும் பழைய சாவிக்கொத்து பழைய சொல்லையே கேட்கும். முழு வட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் வசதியால் மறையாக்கப்பட்டிருந்தால், அது மீட்புச் சாவி கேட்கும் நாளில் 48 இலக்கங்கள் கையில் இருக்க வேண்டும். அது இல்லையென்றால், உலகின் எந்தப் பழுதுபார்ப்பவரும் உங்கள் கோப்புகளைத் தர முடியாது. வட்டைக் கழற்றி வேறு கணினியில் போட்டாலும் கிடைப்பது அர்த்தமில்லாத எண்கள்தான்.

இது கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் உங்களுக்கே விட்டுக்கொடுக்காத கணினிதான் அதைத் தூக்கிச் சென்ற திருடனுக்கும் விட்டுக்கொடுக்காது. இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும் வசதியைக் கணிதம் தரவில்லை. கணினி நம்மை முகம் பார்த்து அறிவதில்லை. நாம் தருவதை வைத்தே அறிகிறது. தரத் தவறும் நாளுக்கான ஏற்பாட்டை நாம்தான் முன்பே செய்துவைக்க வேண்டும்.

அந்த ஏற்பாடு பெரியதல்ல. தினசரி வேலைக்குச் சாதாரணக் கணக்கு ஒன்று. தனியாக அட்மின் கணக்கு இரண்டு, அவற்றில் ஒன்று வீட்டில் நம்பிக்கையான இன்னொருவரிடம். விசைப்பலகை அமைப்புகளில் தேவையில்லாததை நீக்கிவிட்டு, நுழைவுத் திரையிலும் அதையே வைப்பது. வட்டு மறையாக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, மீட்புச் சாவியைக் காகிதத்தில் அச்சிட்டு, வீட்டுப் பத்திரங்களோடு வைப்பது. எல்லாம் சேர்த்து ஒரு மாலை வேலை. உங்கள் கணினி இன்று உங்களை ஏற்றுக்கொள்கிறது என்றால், அதைச் செய்ய ஏற்ற நாள் இன்றுதான். மறுக்கத் தொடங்கிய பிறகு இவற்றில் பாதியைச் செய்ய முடியாது.